அறுபத்தெட்டுக்குக் கேசரி

நம் வயதுக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. முப்பத்தைந்து என்றால் தப்பித்தோம். அறுபது என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ். எழுபத்தைந்து என்றால் டிஸ்டிங்ஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் நம்மோடு பேச மாட்டார்கள். இந்த அளவுகோலை உடம்பில் ஏற்றிக்கொண்டுதான் நாம் எல்லோரும் விமானம் ஏறினோம். ஊறுகாய் பாட்டிலை இரண்டு முறை எடை பார்த்த நம் வீட்டார் யாரும் இதை எடை பார்க்கவில்லை.

போன வாரம் என் மகனுக்கு ஹிஸ்டரியில் எழுபத்தொன்பது வந்தது. இப்போதெல்லாம் பிள்ளை பேனாவை மூடுவதற்குள் மதிப்பெண் நம் கைப்பேசியில் வந்து விழுந்துவிடுகிறதே, அப்படித்தான் வந்தது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவனுக்கு இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். பாதி வழியில் கதை படுத்துக்கொண்டது. உங்களிடம் சொன்னால் எழுந்து உட்காரும் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. எனக்குப் பதினாறு வயது. அப்பா எங்களுக்கு முன்னமே அமெரிக்கா வந்து, டெக்சாஸில் லாஸ் கொலினாஸ் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் புரோகிராமராகச் சேர்ந்திருந்தார். நானும் அம்மாவும் கரூரிலிருந்து ஓர் ஆகஸ்ட் மாதத்தில் வந்து இறங்கினோம். இர்விங்கில் தரைத்தள அபார்ட்மென்ட். ஜன்னலைத் திறந்தால் நீச்சல் குளத்தின் குளோரின் வாசனை. மூடினால் கம்பளத்தின் ஈர வாசனை. அம்மா தாளித்துவிட்டால் இரண்டும் தோற்றுப்போகும். டெக்சாஸ் வெயிலைக் கண்டு அம்மா மட்டும் அசரவில்லை. "கரூர்லதானே இருக்கோம், என்ன, ஆளுகளத்தான் காணோம்" என்றார்.

பிளஸ் ஒன்னில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு வந்த என்னை இங்கே பதினொன்றாம் வகுப்பில் போட்டார்கள். அந்த வகுப்புக்கு அமெரிக்க வரலாறு கட்டாயம். அதில் தேறாமல் பள்ளியை விட்டு வெளியே போக முடியாது. அந்தப் பாடத்தை எடுத்தவர் கோச்.

அவருடைய பெயர் கதவில் எழுதியிருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. காலையில் ஹிஸ்டரி, மாலையில் மைதானத்தில் அமெரிக்க ஃபுட்பால் டீமுக்குப் பயிற்சி. வகுப்பிலும் கழுத்தில் விசில் தொங்கும். முதல் நாள் மாலை நான் இதை வீட்டில் சொன்னபோது அப்பா சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்தினார்.

"என்னது, பி.டி. வாத்தியார் வந்து ஹிஸ்டரி எடுக்கறாரா?"

"ஆமாப்பா. எல்லாரும் கோச்னுதான் கூப்பிடறாங்க."

"ஹிஸ்டரி வாத்தியார் லீவா?"

"இவர்தான்ப்பா ஹிஸ்டரி வாத்தியாரே."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பேருதான் பெரிய நாடு. ஹிஸ்டரிக்குன்னு ஒரு ஆளப் போட வக்கில்ல பாத்தியா?"

அந்த ஆளை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது. ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? அது சூடாகும்போது தூசி வறுபடுகிற மாதிரி ஒரு வாசனை வருமே? கோச் அதன் கண்ணாடித் தாளில் எழுதுவார், அழிக்கத் துணி தேட மாட்டார், உள்ளங்கையாலேயே துடைத்துவிடுவார். அவருடைய இடது கை எப்போதும் நீலமாக இருக்கும். முதல் நாள் அதில் இரண்டு பட்டியல்களைக் காட்டினார். உங்களிடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பது ஒன்று. என்னிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கலாம் என்பது இன்னொன்று. நான் அந்த இரண்டாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்வியையும் கேட்கலாம், பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வேன் என்று அதில் இருந்தது. கரூரில் எங்கள் சரித்திர டீச்சரிடம் நான் கேட்ட ஒரே கேள்விக்கு "சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்பதே பதில். இங்கே ஒரு முழு வருஷம் கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மார்க் எப்படிப் போடுவார் என்பது, வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிக் கொடுத்த தாளில் இருந்தது: பரீட்சைக்கு இவ்வளவு, தினசரி வேலைக்கு இவ்வளவு, பெரிய விவாதத்துக்கு இவ்வளவு. தேர்ச்சிக்கு எத்தனை என்று மட்டும் எங்கேயும் இல்லை. டெக்சாஸில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்வது, நமக்கு முப்பத்தைந்தை எடுத்துச் சொல்வது மாதிரி. அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே இன்ஷியலோடு போட்டுக் கொடுத்தார்.

பெரிய விவாதம் செப்டம்பரில் வந்தது. காலனிகள் இங்கிலாந்து ராஜாவை விட்டுப் பிரிந்து போகலாமா, கூடாதா? கோச் ஒரு ஃபுட்பால் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார். உள்ளே துண்டுச் சீட்டுகள். எனக்குப் பக்கத்து இருக்கையில் டீமின் ஆள் ஒருவன் இருந்தான். நாற்காலியோடு சேர்த்துச் செய்த மேசைக்குள் அவன் தன்னை மடித்து வைத்துக்கொள்வதே ஒரு காட்சி. வெள்ளிக்கிழமைகளில் ஐம்பத்தைந்து என்று எண் போட்ட சட்டையோடு வருவான், அதனால் எனக்கு அவன் ஐம்பத்தைந்து. அவனுக்குக் காலனிகள் விழுந்தது. எனக்கு ராஜா.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது மூன்று பேரும் சிரிக்கவில்லை.

"ஏனுங்க, இவ ராஜாவுக்குப் பேசோணுமாம்" என்றார் அம்மா. "அப்படின்னா இவங்க நாடு உண்டானதே தப்புன்னு சொல்றதா?"

அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "எழுதிக் குடுக்கோணுமா, வாயில பேசறதா?"

"ரெண்டும்ப்பா."

"எழுதிக் குடுத்தா ஃபைல்ல வெச்சுக்குவாங்களே."

"ஸ்கூல்தானேப்பா?"

"ஸ்கூல்னா? கவர்ன்மென்ட் ஸ்கூல்!"

அப்பா குரலைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ ஒட்டுக்கேட்பது போலப் பேசினார். "கிரீன் கார்டுக்கு இன்னும் அப்ளையே பண்ணல பாப்பா. ஆபீஸ்ல நான் வாயே தொறக்கறதில்ல, தெரியுமா? அவங்க பேஸ்பாலப் பத்திப் பேசினாக்கூடத் தலையத்தான் ஆட்டுவேன். ஒருத்தர் வீட்டுக்கு விருந்தாளியாப் போயி, அவங்க நடுக்கூடத்துல நின்னுட்டு, உங்க பாட்டன் பண்ணுனது தப்புன்னு சொல்லுவமா?"

"அப்பறம் நான் என்னதான் பேசறது?"

"அமெரிக்கா பக்கமே பேசிரு. அமெரிக்காவுல அமெரிக்கா பக்கம் பேசினா எவன் மார்க்கக் கொறைப்பான்?"

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கரூரில் சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான். வெள்ளைக்காரனை விரட்டும் பேச்சு எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அதிலிருந்து உப்பை எடுத்துவிட்டு, இவர்கள் கடலில் கொட்டிய தேயிலையைப் போட்டேன். கடலோரம் நடந்ததை எடுத்துவிட்டுக் கப்பலில் ஏறியதைப் போட்டேன். அப்பா மதிய உணவு நேரத்தில் ஆபீஸில் உட்கார்ந்து இங்கிலீஷில் டைப் அடித்து, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் "இந்த மகத்தான தேசம்" என்று ஒரு வரி அவரே சேர்த்தது.

பேச்சு நாளன்று நான் மேசைக்கு முன்னால் போய் நின்று அடித்து நொறுக்கினேன். நம் பேச்சுப் போட்டிக் குரல் உங்களுக்குத் தெரியுமே. அந்த ஏற்ற இறக்கம், அந்தக் கை. இழுத்தால் இறங்கும் துணி வரைபடம் ஒன்று எனக்குப் பின்னால் தொங்கியது. "சுதந்திரம்!" என்று கையைப் பின்னால் வீசியபோது அதில் பட்டு, படபடவென்று அமெரிக்கா முழுவதும் சுருண்டு மேலே ஏறிவிட்டது. வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. ஐம்பத்தைந்து மேசையைக் குத்தினான். கோச் தாடையைத் தடவிக்கொண்டு, தன் நோட்டில் ஏதோ ஒன்றைக் குறித்தார். அது ஒற்றை எழுத்துப் போல, வட்டமாக இருந்தது. அது பூஜ்யம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆறு வாரத்துக்கு ஒரு முறை அப்போது மார்க் கார்டு வரும். மஞ்சள் அட்டை. ஏ, பி என்றெல்லாம் எழுத்து இல்லை, வெறும் எண்கள்தான். கணக்குக்குத் தொண்ணூற்றேழு. ஹிஸ்டரிக்கு அறுபத்தெட்டு.

அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "அடேயப்பா! வந்து இறங்கி ரெண்டு மாசம் ஆவுல. அடுத்தவன் நாட்டு ஹிஸ்டரி. அதுவும் பி.டி. வாத்தியார்கிட்ட. அறுபத்தெட்டு!" அப்பாவை அவ்வளவு மலர்ச்சியாக அந்த ஊரில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைவிட அவர்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கியவர் போல இருந்தார். இப்போது எனக்கு அன்றைய அப்பாவின் வயது. அந்த மலர்ச்சி என் மார்க்கால் மட்டும் வந்ததில்லை என்று தெரிகிறது. நாள் முழுக்கத் தலையாட்டிவிட்டு வருகிற மனிதனுக்கு, தான் எடுத்த ஒரு முடிவாவது இந்த நாட்டில் சரியாகப் போனதே என்கிற நிம்மதி அது.

சனிக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டுக் குடும்பத்தை அழைத்தோம். அங்கிள் டெக்சாஸுக்கு வந்து பத்து வருஷமாகியிருந்தது. ஆன்ட்டி எங்களுக்கு மளிகைக் கடை காட்டியவர். அவர்களுடைய மகள் என் பள்ளியிலேயே ஒன்பதாவது. அம்மா நெய் சொட்டச் சொட்டக் கேசரி கிண்டியிருந்தார். எல்லோர் கையிலும் பேப்பர் தட்டு. அப்பா கார்டை எடுத்து ஆன்ட்டியிடம் நீட்டினார்.

ஆன்ட்டி பார்த்தார். ஸ்பூன் கொஞ்ச நேரம் வாயிலேயே இருந்தது. பிறகு, "முந்திரி நல்லா செவக்க வறுத்திருக்கீங்க" என்றார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "வெயிட், சிக்ஸ்டி எய்ட்? தட்ஸ் ஃபெயிலிங்."

"ஏய், சும்மா இருடி."

"பட் இட் இஸ், அம்மா! செவன்டி இஸ் பாஸிங்."

அப்பா சிரித்தார், குழந்தை ஏதோ தெரியாமல் சொல்கிறது என்று. அப்புறம் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுல எழுபது?" என்றார் அப்பா. "நூத்துலயா?"

"இந்த ஊர்ல அப்படித்தான் சார். எழுபதுக்குக் கீழ போனா ஃபெயில்தான். எனக்கும் மொதல்ல தெரியாது."

எல்லோர் தட்டிலும் பாதி இருந்தது. அதை மிச்சம் வைத்தால் தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரி; சாப்பிட்டால் தோல்வியைக் கொண்டாடிய மாதிரி. அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "ஃபெயிலோ பாஸோ, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க." எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம். நெய் தொண்டையில் உறைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை அப்பா காலிங் கார்டைச் சுரண்டி, அதிலிருந்த நீள எண்ணை அழுத்திக் கரூருக்குப் பேசினார். பெரியப்பாவோடு. எத்தனை மார்க் என்று சொல்லவே இல்லை, வெட்கம். "ஒரு பாடத்துல ஃபெயிலுங்ண்ணா" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் இந்தப் பக்கமிருந்து "ஆமாங்ண்ணா", "செரிங்ண்ணா" மட்டும்தான்.

போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, பெரியப்பா சொல்றதும் நியாயமாத்தான் இருக்குது. நமக்கு இந்தப் படிப்பு புடிபடல. கார்டுல ஃபெயிலு அப்படியே நின்னுச்சுன்னா டிசம்பர்ல உன்னய ஊருக்கு அனுப்பிச்சர்றேன். பெரியப்பா வீட்டுல இருந்து பிளஸ் டூ முடி. சீட்டு அவர் வாங்கித் தர்றாராம்."

அப்பா கோபத்தில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார். அதனால் எனக்கு அழக்கூட வரவில்லை. பெரியப்பா வீட்டின் பின்னறை எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டாக வைத்த கடிகாரம், பூட்டின டிவி, கேள்வி கேட்டால் "உக்காரு". இந்தப் பக்கம் எவ்வளவு புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்ன நூலகம், நீலக் கைக் கோச், அம்மா, அப்பா. யோசித்துப் பாருங்கள், பதினாறு வயதில்.

திங்கட்கிழமை அப்பா ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு, டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கோச் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பந்துப் பை. அவர்கள் பேசியது இங்கிலீஷில். நான் என் தமிழில் தருகிறேன்.

"என் மகள் எங்கே தவறினாள் சார்?" என்றார் அப்பா.

"பரீட்சை எல்லாம் பிரமாதம். விவாதத்தில் பூஜ்யம். அவளுக்கு விழுந்தது ராஜா. பேசியது எதிர்ப் பக்கம்." கோச் என் பக்கம் திரும்பினார். பெண் பிள்ளைகள் எல்லோரும் அவருக்கு மேம்தான். "நல்ல பேச்சு, மேம். என் வரைபடத்தைக்கூடச் சுருட்டிவிட்டீர்கள். ஆனால் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பேச வேண்டும் என்பதுதானே விதி? ஏன் மாற்றினீர்கள்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா டையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் மாற்றச் சொன்னேன். நாங்கள் இந்த நாட்டுக்கு விருந்தாளிகள். விசாவில் இருக்கிறோம். அமெரிக்காவுக்கு எதிராக என் மகள் பேசக் கூடாது என்று நினைத்தேன்."

கோச் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பந்துப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு மாணவர் மேசையின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்போது அமெரிக்கா என்று ஒன்று இல்லையே சார். இரண்டு பக்கமும் இதே மண்ணில் இருந்தவர்கள்தான். ராஜாவோடு இருந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று தெரியாவிட்டால், மற்றவர்கள் எதற்குத் துணிந்தார்கள் என்று என் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்? அதற்காகத்தான் அந்த ஹெல்மெட்." கொஞ்சம் நிறுத்தினார். "பேசியதற்காக இந்த அறையிலிருந்து இதுவரை யாரையும் நாடு கடத்தியதில்லை. ஹோம்வொர்க் செய்யாததற்கு யோசித்திருக்கிறேன்."

அதை எழுத்தில் தர முடியுமா என்று அப்பா கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். நல்லவேளை, கேட்கவில்லை. அவருடைய கை டையிலிருந்து இறங்கியது.

கோச்சின் முதல் நாள் தாளில் கடைசி வரி ஒன்று இருந்ததாம். இரண்டு முறை படித்த அப்பாவின் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. தவறியவர் ஒரு முறை திரும்பச் செய்யலாம் என்று. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கார்டில் எழுபதுக்கு மேல் ஏறாது என்று கோச் சொன்னார். ஆனால் எழுபது வரை ஏறும். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் என்னை வரச் சொன்னார்.

திரும்பும்போது, கார் ஃபிரீவேயில் ஏறிய பிறகு அப்பா, "பி.டி. வாத்தியாரா இருந்தாலும் வெவரமான ஆளு" என்றார்.

வியாழக்கிழமைதான் பிரச்சினை. ராஜாவுக்காகப் பேச எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை. புத்தகத்தில் இருந்த காரணங்களை எழுதிக்கொண்டேன்: போர்ச் செலவு, பாதுகாப்பு, சட்டம். எல்லாம் பிணம் மாதிரிக் கிடந்தன. வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க என் வாய் பழக்கப்படவே இல்லை. திங்கள் போனது, செவ்வாய் போனது. அம்மா வெங்காயம் உரித்தபடி, "வாய் வரலைன்னா மனப்பாடம் பண்ணிக்கோ கண்ணு" என்றார். கோச் நடுவில் கேள்வி கேட்பாரே, மனப்பாடம் எங்கே நிற்கும்?

புதன்கிழமை சாயங்காலம் பெரியப்பாவே கூப்பிட்டார். அங்கே விடிகாலை. அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"டேய், ஸ்கூல்ல பேசிட்டேன், சீட்டு ரெடி. டிக்கெட்டப் போடறயா இல்லையா? இருடா, கரன்ட்டு போயிருச்சு. பாத்தியா, இதுதான் இங்க லட்சணம். நான் கேக்கறேன், வெள்ளக்காரன் இருந்திருந்தா இப்படி நடக்குமா? நான் கேக்கறேன், அவன் போட்ட ஆத்துப்பாலம் இன்னிக்கும் நிக்குது, நம்மாளு போட்டது மூணு வருசம் நின்னுச்சா? நான் கேக்கறேன்..."

நான் கையிலிருந்த பென்சிலைக் கீழே போட்டேன். அடக் கடவுளே, ராஜா இங்கேயல்லவா இருக்கிறார்! என் நினைவு தெரிந்த நாளாகப் பெரியப்பா இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்? ரயில் தாமதமானால், தபால் வராவிட்டால், தெருவில் சாக்கடை பொங்கினால், எல்லாவற்றுக்கும் வெள்ளைக்காரன் போனதே காரணம். அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறோமே தவிர, அவர் சொல்வதை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அன்று கேட்டேன். அவருக்கு ராஜா மேல் ஆசையெல்லாம் இல்லை. இருப்பதும் கையை விட்டுப் போய்விடுமோ என்கிற பயம். வந்த நாளிலிருந்து அப்பாவிடம் நான் பார்த்துக்கொண்டிருந்த அதே பயம்.

வியாழக்கிழமை வகுப்பில் மூன்றே பேர். கோச், நான், ஐம்பத்தைந்து. அவனும் ஏதோ ஒரு பரீட்சையில் கோட்டைவிட்டுத் திரும்ப எழுத வந்தவன்; எழுபது வராவிட்டால் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் இறங்க முடியாது. டெக்சாஸின் சட்டம் அது. எழுதி முடித்துவிட்டு சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நீதான் காலனிகள், நீ இவளைக் கேள்வி கேள்" என்றார் கோச். வரைபடத்தைப் பார்த்தேன். அதிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

பெரியப்பா பேசத் தொடங்குமுன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். என்னிடம் கண்ணாடி இல்லை. கை தானாக நெற்றிக்குப் போனது. தொண்டையைச் செருமினேன். "ஐ ஆஸ்க் யூ" என்று ஆரம்பித்தேன். "நான் கேட்கிறேன், காட்டில் எதிரி வந்தபோது யார் படை அனுப்பியது? நான் கேட்கிறேன், உன் கப்பல் கடலில் பத்திரமாகப் போய் வருகிறதே, யாருடைய பீரங்கிக்குப் பயந்து?"

ஐம்பத்தைந்து வாயைத் துடைத்துக்கொண்டான். "அந்தச் சண்டையை நான் கேட்கவில்லையே. நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?"

"நீ கேட்கவில்லை. ஆனால் உன் வீட்டுக் கூரை எரியவில்லை. அது உனக்கு வேண்டாமா?"

"வரி போடுமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றேன். பெரியப்பா ஒருபோதும் அப்படி ஒப்புக்கொள்ள மாட்டார், அது நான். "ராஜா தப்பு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு அவரைத் துரத்திவிட்ட பிறகு பாலத்தை யார் கட்டுவது? தபாலை யார் கொண்டுவருவது? உங்களுக்குள் சண்டை வந்தால் யாரிடம் போவீர்கள்? என் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குத் தெரியாத நல்ல காலத்தைவிடத் தெரிந்த கெட்ட காலம் போதும். நான் பயந்தவன்தான். நான் கேட்கிறேன், பயப்படுவது குற்றமா?"

ஐம்பத்தைந்து சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "மேன், என் அப்பாவும் இப்படித்தான் பேசுவார்" என்றான்.

கோச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, விசில் ஆட, நீலக் கையால் முகத்தைத் துடைத்து, நெற்றியெல்லாம் மை. "தொண்ணூற்றெட்டு" என்றார். "எழுபதுதான் போட முடியும். விதி என்னுடையது, நானே மீற முடியாது." பிறகு ஐம்பத்தைந்தின் தாளையும் பார்த்து, அவனுக்கும் எழுபது என்றார். அவன் நான் தட்டுவதற்காக உள்ளங்கையை உயர்த்தினான். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் நான் கை குலுக்கினேன்.

பள்ளி முடிந்து வெளியே வந்தபோது அப்பாவின் கார் நின்றிருந்தது. அதன் ஒரு பக்கக் கண்ணாடி எப்போதும் பாதியில்தான் நிற்கும். அந்தப் பாதி வழியாக அப்பாவின் முகம் மட்டும். நான் விரலால் ஏழையும் பூஜ்யத்தையும் காற்றில் எழுதிக் காட்டினேன். அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். ஹாரன் அலறியது. பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அதற்குக்கூடத் தலையைத் தூக்கவில்லை.

சாயங்காலம் அம்மா ரவை டப்பாவை எடுத்தார்.

"இந்த ஊர்ல எழுபதுன்னா நம்மூர் முப்பத்தஞ்சு மாதிரி" என்றார் அப்பா. "முப்பத்தஞ்சுக்கு யாராச்சும் கேசரி கிண்டுவாங்களா?"

"ஃபெயிலுக்கே கிண்டியாச்சு" என்றார் அம்மா.

அப்பா காலிங் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. பெரியப்பாவின் குரல் அறை முழுவதும் வந்தது.

"என்னடா ஆச்சு? டிக்கெட் போட்டயா?"

"இல்லீங்ண்ணா. வேண்டாங்ண்ணா. பாப்பா பாஸ் பண்ணிட்டா."

"அப்படியா! எத்தன மார்க்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு இப்போது விவரம் தெரியும். விளக்கிச் சொல்ல வாய் திறந்ததையும் பார்த்தேன்.

"எழுபதுங்ண்ணா."

"எழுபதா? ஹிஸ்டரியிலயா? வெள்ளக்காரன் ஊர்லயா?" பெரியப்பா அந்தப் பக்கம் எழுந்து நிற்பது இங்கே கேட்டது. "அடியே, இங்க வா! நம்ம புள்ள எழுபதாமா! டேய், அறிவிருக்குதா உனக்கு? எழுபது வாங்கற புள்ளையத் திருப்பி அனுப்பறேங்கற? ஃபர்ஸ்ட் கிளாஸ்டா அது!"

அடுப்படியில் ரவை வறுபடும் வாசனை வந்தது. அப்பா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமாங்ண்ணா" என்றார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்தானுங்."